சுவரின் புறமும் அகமும்: சொரசொரப்புப் பூச்சு பற்றி ஒரு மதிப்பீடு

சேலத்திலிருந்து ஆத்தூர் செல்லும் நெடுஞ்சாலையில் வாழப்பாடியைக் கடந்து போவோர், சாலையின் இருமருங்கிலும் அண்மைக் காலத்தில் எழுந்துள்ள கட்டடங்களைச் சற்றே கூர்ந்து நோக்கினால் ஒரு பொதுத்தன்மையைக் காணலாம். திருமண மண்டபமாயினும், மருத்துவமனையாயினும், பாக்கு வணிகரின் புதுமனையாயினும், அதன் முகப்பில் ஒரு பகுதியேனும் வழவழப்பைக் கைவிட்டுச் சொரசொரப்பை ஏற்றிருக்கும். சில சுவர்களில் புழு அரித்த மரப்பலகை போன்ற வரிகள் ஓடும். சிலவற்றில் பருமணலைத் தூவியது போன்ற பரப்பு இருக்கும். வேறு சிலவற்றில் கரணையால் ஒற்றி ஒற்றி எழுப்பிய சிறு மேடுகள் தெரியும். இவை அனைத்தையும் ‘டெக்ஸ்சர்’ என்ற ஒரே சொல்லால் நம் மக்கள் வழங்குகின்றனர். இந்த ஒப்பனை இப்போது நம் பள்ளிவாசல்களுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. அதனாலேயே இது நம் ஆய்வுக்கும் உரியதாகிறது.

வாழப்பாடி வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் பழைய பள்ளிவாசல் ஒன்று உண்டு. ஊரின் பெயர் நம் நோக்கத்திற்குத் தேவையன்று. கல்லையும் செங்கல்லையும் மண்சாந்தில் அடுக்கி, மேலே சுண்ணாம்புக் காரை பூசிய தடித்த சுவர்கள்; முன்புறம் ஓடு வேய்ந்த தாழ்வாரம்; பக்கத்தில் சிறியதொரு ஹவ்ளு. சில ஆண்டுகளுக்கு முன் அதன் மேற்குச் சுவரிலும் தெற்குச் சுவரிலும் இருந்த பழங்காரையைக் கொத்தி எடுத்துவிட்டு, சிமெண்ட் பூசி, அதன்மேல் மணல் நிற டெக்ஸ்சர் ஏற்றினார்கள். பார்வைக்கு அழகாகவே இருந்தது. மூன்றாவது மழைக்காலம் முடிந்தபோது, மிஹ்ராபின் உட்புறத்தில் இடுப்பளவு உயரத்திற்கு ஓதம் ஏறியிருந்தது. சுவரில் உப்புப் பூத்து, முதல் வரிசைப் பாய்களின்மேல் காரை தூளாய் உதிர்ந்தது. வெளிப்புறத்திலோ ஒரு கறையும் இல்லை. எஞ்சிய வடக்கு, கிழக்குச் சுவர்களையும் அவ்வாறே செய்து முடிப்பதா, வேண்டாமா என்பது இப்போது ஜமாஅத்தின் முன்னுள்ள கேள்வி. கருத்துக் கேட்கப்பட்டவர்களுள் நாமும் ஒருவர். அந்தக் கூட்டத்தில் நாம் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் போனதையும் சேர்த்து எழுதுவதே இக்கட்டுரை.

எறிபூச்சின் இயல்பு

சொரசொரப்பை இகழ்வது நம் நோக்கமன்று. சரியான இடத்தில், சரியான பொருளால் செய்யப்படும் சொரசொரப்புப் பூச்சு, புறச்சுவருக்கு மனிதர் கண்டறிந்த நல்ல ஆடைகளுள் ஒன்று. பருமணலும் சிறுகல்லும் கலந்த சாந்தைக் கரணையில் அள்ளிச் சுவரின்மீது வீசி எறியும் தொழில் பல நாடுகளில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அதனை இக்கட்டுரையில் எறிபூச்சு என்று குறிப்பிடுவோம்.

எறிவதற்குக் காரணம் உண்டு. விசையோடு வந்து விழும் சாந்து சுவரின் குழிகளுக்குள் புகுந்து பற்றிக்கொள்கிறது. தேய்த்துப் பூசும்போது சாந்துக்கும் சுவருக்கும் இடையே காற்று தங்கிவிட வாய்ப்புண்டு. எறியும்போது அவ்வாய்ப்புக் குறைவு. மேலும், பூச்சை மீண்டும் மீண்டும் கரணையால் தேய்த்து மெருகேற்றினால், சாந்திலுள்ள நீரும் நுண்துகள்களும் மேற்பரப்புக்கு வந்து மெல்லியதொரு தோலாகப் படிகின்றன. அத்தோல் காயும்போது சுருங்கி, சிலந்தி வலை போன்ற நுண்வெடிப்புகள் தோன்றுகின்றன. எறிபூச்சில் தேய்ப்பு இல்லை. பருமணல் மிகுதியாக இருப்பதால் சுருக்கமும் குறைவு.

மழையோடு அது நடந்துகொள்ளும் விதமும் வேறு. வழவழப்பான சுவரில் மழைநீர் ஒரே படலமாக வழிந்து, வழியில் ஒரு வெடிப்பைக் கண்டால் அங்கே திரண்டு உட்புகுகிறது. சொரசொரப்பான சுவரில் அந்தப் படலம் ஆயிரம் மேடுகளில் மோதிச் சிதறுகிறது. மழை ஓய்ந்தபின், மேடுபள்ளங்களால் பரப்பு பெருகியிருப்பதால் உறிஞ்சிய ஈரம் விரைவாக ஆவியாகிறது. ஒளியின் நோக்கிலும் நன்மை உண்டு. சித்திரை வெயிலில் வெள்ளையடித்த வழவழப்பான சுவர் கண்ணைக் கூசச் செய்யும். எறிபூச்சின் ஒவ்வொரு மணியும் தனக்கெனச் சிறு நிழலைக் கொண்டிருப்பதால் ஒளி தணிந்து தெரிகிறது. ஒட்டுப்போட்ட இடமும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இப்பூச்சை நம் நாட்டின் கட்டடத் துறையும் அறியும். புறச்சுவர்ப் பூச்சுகளுக்கென 1963 ஆம் ஆண்டில் வெளியான இந்தியத் தர விதி 2402, எறிபூச்சை முறையான வகைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொள்கிறது. மத்தியப் பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்பு, 12 மில்லிமீட்டர் அடிப்பூச்சும் 10 மில்லிமீட்டர் மேற்பூச்சும் போட்டு, அது ஈரமாய் இருக்கும்போதே மணலும் சிறுகல்லும் எறியச் சொல்கிறது. அந்த மேற்பூச்சுச் சிமெண்ட்டில் பத்து விழுக்காடு நீற்றுச் சுண்ணாம்பும் சேர்க்க வேண்டும் என்பது அதன் விதி. சிமெண்ட்டின் யுகத்திலும் சுண்ணாம்பின் துணை வேண்டப்பட்டது என்பதை நாம் மனங்கொள்ள வேண்டும்.

இங்கிலாந்தில் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாய்சி என்னும் கட்டடக் கலைஞர் தாம் கட்டிய வீடுகள் பலவற்றுக்கு இப்பூச்சையே தேர்ந்தார். கனம் குறைந்த செங்கல் சுவருக்கும் அது மழைக் காப்பாகும் என்பதும், செலவு குறைவு என்பதும் அவர் கண்ட பயன்கள். ஆனால் அதே இங்கிலாந்தில், பிற்காலத்தில் தரமற்ற செங்கல்லையும் அவசர வேலையையும் மறைப்பதற்கும் கூழாங்கல் பதித்த பூச்சு பயன்பட்டதால், அதன் பெயர் அங்கே ஏளனத்திற்கு உரியதாயிற்று. ஒரே பூச்சு ஓரிடத்தில் காப்பாகவும் வேறோரிடத்தில் மறைப்பாகவும் ஆகிறது. இவ்விரண்டையும் பிரித்தறிவதே திறனாய்வின் வேலை.

சேலத்துச் சுண்ணாம்பு

அவ்வாறு பிரித்தறிவதற்கு, பூச்சின் பின்னுள்ள சுவர் எது என்று முதலில் கேட்க வேண்டும். சேலம், நாமக்கல் சமவெளியின் பழைய சுவர்கள் மண்ணாலும் கல்லாலும் சுண்ணாம்பாலும் ஆனவை. சேலம் நகரை ஒட்டி வெண்மையாகத் தோன்றும் குன்றுகளை ஆங்கிலேயர் சுண்ணாம்புக் குன்றுகள் என்று பொருள்படப் பெயரிட்டு அழைத்தனர். ஆனால் அங்கே கிடைப்பது சுண்ணாம்பன்று. மக்னசைட் என்னும் வெள்ளைக்கல். அது உருக்காலை உலைகளின் வெப்பந்தாங்கும் செங்கற்களுக்குப் பயன்படுவது. சுவர்ப் பூச்சுக்கு உதவும் சுண்ணாம்பு அதிலிருந்து கிடைக்காது. புறத்தோற்றத்தைக் கண்டு பொருளைத் தீர்மானித்த அந்தப் பிழை, பெயராக இன்றும் நிலைத்துவிட்டது.

சுவருக்கான சுண்ணாம்பு வேறு வழியில் வந்தது. வறண்ட நிலங்களின் மண்ணுக்கடியில் கணு கணுவாகத் திரளும் சுக்கான்கல்லைக் காளவாயில் இட்டுச் சுடுவார்கள். சுமார் 900 பாகை வெப்பத்தில் கல்லிலுள்ள கரியமில வாயு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். அதில் நீர் வார்த்தால் கொதித்து நீறாகும். நீற்றை மணலோடு அரைத்துப் பூசினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மாதக் கணக்கில் மெல்ல உறிஞ்சி மீண்டும் கல்லாகிறது. சுக்கான்கல்லில் களிமண்ணும் கலந்திருப்பதால் அதன் சுண்ணாம்பு ஓரளவு நீரிலும் இறுகும் திறன் பெற்றது. அவ்வாறு இறுகிய காரை நுண்துளைகள் உடையது. சுவரிலுள்ள ஈரம் அதன் வழியே வெளியேற இயலும். சுவர் சற்றே அசைந்தாலும் அது ஓரளவு இடங்கொடுக்கும்.

தமிழகத்துக் காரையின் புகழ் பெரும்பாலும் வழவழப்பின் புகழே. கிளிஞ்சல் சுண்ணாம்பால் செய்த சென்னைப் பூச்சை 18 ஆம் நூற்றாண்டில் வந்த ஐரோப்பியர் பளிங்கோடு ஒப்பிட்டு வியந்தனர். முட்டை வெண்கரு சேர்த்து மெருகேற்றிய செட்டிநாட்டுச் சுவர்கள் இன்றும் முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளக்கின்றன. இவை செல்வர் இல்லங்களின் கூடத்திற்கும் முகப்புக்கும் உரியவை. எளியோரின் புறச்சுவர்களோ, மணியாசுக் கட்டையால் ஒருமுறை தேய்த்துவிட்ட, மணல் துலங்கும் காரையோடு நின்றன. நாம் குறிப்பிட்ட பள்ளிவாசலின் வடக்குச் சுவர் அத்தகையது. உள்ளங்கையை வைத்தால் மணிமணியாய் உறுத்தும். அதன்மேல் ஆண்டுதோறும் அடித்த வெள்ளை, படலம் படலமாகச் சேர்ந்து அந்த உறுத்தலை ஓரளவு மென்மையாக்கியிருக்கிறது. புகழ் பெறாத இந்தச் சொரசொரப்புக்கு நம் கட்டடக்கலை நூல்களில் இடம் குறைவு. நம் பள்ளிவாசல்களைப் பற்றிய ஆய்வுகளும் கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய கடற்கரை ஊர்களின் கற்றூண் பள்ளிகளிலேயே பெரிதும் கவனம் செலுத்தின. அது நியாயமே, எனினும் உள்நாட்டுச் சிற்றூர்களின் காரைச் சுவர்கள் பதிவு பெறாமலே மறைந்துகொண்டிருக்கின்றன.

மறைவதற்குக் காரணங்கள் உண்டு. 1960களில் சங்ககிரியில் சிமெண்ட் ஆலை வந்தது. மாவட்டத்தின் சுண்ணாம்புக்கல்லே சிமெண்ட்டாக மாறி மூட்டையில் வந்தபோது, மாதக் கணக்கில் காத்திருக்கும் காரைக்கு ஆதரவு குறைந்தது; காளவாய்கள் அணைந்தன. 2003 ஆம் ஆண்டில் ஆற்று மணல் அள்ளுவதைத் தமிழக அரசு தானே ஏற்றது. அதன்பின் மணல் தட்டுப்பாடும் விலையேற்றமும் தொடர, கருங்கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் பரவியது. சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனார்கள் முதியோராயினர். எனவே அந்தச் சிற்றூரின் ஜமாஅத் சிமெண்ட்டைத் தேர்ந்ததை அறியாமை என்று நாம் இகழ மாட்டோம். கையருகே கிடைத்ததை அவர்கள் வாங்கினார்கள்.

டெக்ஸ்சர் செய்வது என்ன?

இப்போது விற்கப்படும் டெக்ஸ்சர், எறிபூச்சின் தோற்றத்தைக் கொண்டது. அதன் தொழிலைக் கொண்டதன்று. அக்ரிலிக் பிசினில் வெங்கச்சங்கல் துகளும் பளிங்குத் துகளும் கலந்து வாளியில் வரும் குழம்பு அது. பெரும்பாலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்தில் சிமெண்ட் பூச்சின்மேல் இழுக்கப்படுகிறது. பிளாஸ்டிக் தேய்ப்பானால் தேய்க்கும்போது, குழம்பிலுள்ள பெரிய துகள்கள் அடியில் உருண்டு பள்ளக் கோடுகளை உண்டாக்குகின்றன. புழு அரித்தது போன்ற வரிகள் பிறப்பது இப்படித்தான். எறிபூச்சில் சொரசொரப்பு, பூச்சு முழுவதிலும் விரவிய மணலின் விளைவு. டெக்ஸ்சரிலோ அது மேற்றோலில் வரைந்த ஓவியம்.

ஓவியம் என்பதாலேயே அது குற்றமாகாது. கான்கிரீட் தூண்களும், சிமெண்ட்டில் கட்டிய செங்கல் சுவர்களும் கொண்ட புதிய கட்டடத்தில், அடித்தளத்தில் ஈரத்தடுப்பு இட்டிருந்தால், இந்தத் தோல் மழையைத் தடுக்கும். சாதாரண வண்ணத்தைவிடப் பல ஆண்டுகள் கூடுதலாகவும் நிற்கும். அங்கே சுவரும் பூச்சும் ஒரே இனத்தவை. நெடுஞ்சாலையோரத்துப் புதுமனைகளைப் பற்றி நமக்குப் பெரிய குறையில்லை. அழகு பற்றிய கருத்து வேறுபாடு மட்டுமே உண்டு.

பழைய சுவரின் நிலை அதுவன்று. மண்சாந்தில் அடுக்கிய சுவருக்கு அடியில் ஈரத்தடுப்பு இல்லை. தரையின் ஈரம் அதில் ஓரளவு ஏறிக்கொண்டே இருக்கும். முன்பு அது காரையின் துளைகள் வழியே இருபுறமும் ஆவியாகி, சுவர் தன்னைத்தானே உலர்த்திக்கொண்டது. வெளிப்புறம் கெட்டியான சிமெண்ட்டும், அதன்மேல் பிசின் தோலும் வந்தபின் ஈரத்திற்கு ஒரு வழி அடைபட்டது. அது மேலும் உயர ஏறி, திறந்திருக்கும் மறுபுறத்தில், அதாவது தொழுகைக் கூடத்தின் உட்சுவரில் வெளிப்படுகிறது. ஈரத்தில் கரைந்து வரும் உப்பு அங்கே படிகமாகித் தன் விரிவால் காரையைப் பொடியாக்குகிறது. சிமெண்ட் விறைப்பானது, மண்சுவர் நெகிழ்வானது. வெயிலிலும் மழையிலும் இரண்டும் வெவ்வேறு அளவில் அசைவதால் மயிரிழை போன்ற வெடிப்புகள் விழும். அவற்றின் வழியே புகும் மழைநீருக்கு உள்ளே செல்ல வழியுண்டு, வெளியேற வழியில்லை. ஆண்டுகள் செல்லச்செல்ல உள்ளிருக்கும் மண்சாந்து இளகும். வெளியே டெக்ஸ்சர் அழகாகவே இருக்கும்.

இதனை எண்ணும்போது, ஹதீஸ் கற்றோர் அனைவரும் அறிந்த ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதனுள் கையை நுழைத்துப் பார்த்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்று வணிகர் காரணம் சொன்னார். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாமே என்பதே அவருக்குக் கிடைத்த கண்டிப்பின் சாரம். நனைந்தது குற்றமாகவில்லை, ஈரத்தை உலர்ந்ததன் அடியில் வைத்ததே குற்றமாயிற்று. பூச்சு வேலை செய்தோரை ஏமாற்றுக்காரர் என்று நாம் சொல்ல வரவில்லை. அவர்கள் நல்லெண்ணத்தோடே செய்தார்கள். ஆயினும் விளைவு அதுவே. காரைச் சுவர் நனைந்தால் அதன் முகத்திலேயே தெரியும்; கறை படியும், உதிரும், ஆளைக் கூப்பிடும். டெக்ஸ்சர் அந்தக் குரலை அடக்கிவிடுகிறது.

மதீனாவும் ஜென்னேயும்

பழைய பூச்சையே போற்றுவது முன்னேற்றத்திற்கு எதிரானது என்றும், அல்லாஹ்வின் இல்லத்தை அழகுபடுத்தத் தடை சொல்வது முறையன்று என்றும் கூட்டத்தில் ஓர் இளைஞர் கூறினார். அவர் கூற்றை நாம் எளிதில் ஒதுக்க முடியாது. வரலாறு அவர் பக்கமும் சிறிது சாய்கிறது. நபிகளார் காலத்து மதீனாப் பள்ளி, சுடாத செங்கல்லும் பேரீச்ச மரத் தூண்களும் ஓலைக் கூரையும் கொண்டது. உமர் (ரலி) அதனை விரிவாக்கியபோது அதே பொருள்களையே பயன்படுத்தினார்கள். உஸ்மான் (ரலி) காலத்தில் செதுக்கிய கல்லும் காரையும் தேக்குக் கூரையும் வந்தன. ஆக, பொருள் மாறுவதை ஆரம்பகால முஸ்லிம்கள் தடுக்கவில்லை.

ஆனால் உமர் (ரலி) அவர்களின் அறிவுரை ஒன்றை ஸஹீஹுல் புகாரி பள்ளிவாசல் கட்டும் பாடத்தில் குறித்துள்ளது. கட்டடம் மக்களை மழையிலிருந்து காக்க வேண்டும். வண்ணங்களால் அவர்களின் கவனத்தைச் சிதைக்கக்கூடாது என்பது அதன் கருத்து. மழைக் காப்பு முதலில் வருகிறது; அலங்காரம் அதன்பின் எச்சரிக்கையோடு வருகிறது. உஸ்மான் (ரலி) செய்த மாற்றத்திலும் கல்லும் காரையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் பொருள்களே. எனவே புதுமையா பழமையா என்ற வழக்கை விட்டுவிட்டு, இந்தச் சுவருக்கு இந்தப் பூச்சு பொருந்துகிறதா என்று கேட்பதே நேர்மையானது.

பொருத்தத்திற்கு உலகறிந்த சான்று மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் இருக்கிறது. ஜென்னே நகரின் பெரிய பள்ளிவாசல் 1907 இல் மீண்டும் கட்டி முடிக்கப்பட்டது; 1988 இல் அந்த நகரம் உலக மரபுச் சின்னமாயிற்று. மண்ணால் ஆன அச்சுவர்களுக்கு உமி கலந்து புளிக்கவைத்த சேற்றையே பூசுகிறார்கள். ஆண்டுதோறும் ஒரு நாளில் ஊரே திரண்டு அப்பணியைச் செய்கிறது. பெண்கள் நீர் சுமக்க, இளைஞர்கள் சுவரில் ஏறி வெறுங்கையால் பூசுகின்றனர். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பனைமரக் கட்டைகள் அலங்காரம் மட்டுமல்ல; பூசுவோர் ஏறி நிற்கும் நிலையான சாரமும் அவையே. மீண்டும் மீண்டும் பூச வேண்டும் என்பதை முன்னறிந்து அமைத்த கட்டடம் அது. இதனை மாயம் என்று கொண்டாடவும் வேண்டியதில்லை. 2009 நவம்பரில் ஒரே நாளில் கொட்டிய பெருமழைக்குப் பின் கிப்லாச் சுவரின் தெற்குக் கோபுரத்து மேற்பகுதி இடிந்து விழுந்தது. ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளையின் உதவியோடு அது திரும்பக் கட்டப்பட்டது. மண்சுவரும் விழும். ஆனால் தன் நோயை அது நெடுங்காலம் மறைத்து வைப்பதில்லை.

எறிபூச்சுக்கே உரிய சான்று ஒன்று குளிர்நாடான ஸ்காட்லாந்தில் உண்டு. ஸ்டர்லிங் கோட்டையில் மன்னர் நான்காம் ஜேம்ஸ் 1500களின் தொடக்கத்தில் கட்டுவித்த பேரவை மண்டபம், பின்னாளில் படைவீரர் தங்குமிடமாகிச் சிதைந்தது. நீண்ட சீரமைப்பு 1999 இல் நிறைவுற்றபோது, அதன் கற்சுவர்களுக்குச் சுண்ணாம்பு எறிபூச்சும் பொன்மஞ்சள் நிறச் சுண்ணாம்பு வண்ணமும் மீண்டும் அளிக்கப்பட்டன. சாம்பல் நிற வெறுங்கல்லே பழமை என்று பழகிப்போன பலருக்கு அது அதிர்ச்சி தந்தது. ஆனால் அந்தக் கல்லைக் காற்றிலும் மழையிலும் காக்கவே முன்னோர் பூச்சு இட்டிருந்தனர். இவ்வளவு தொலைவு சென்று இதைச் சொல்வதற்குக் காரணம், சுண்ணாம்பும் சொரசொரப்பும் வறுமையின் அடையாளம் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருப்பதே. ஓர் அரச மண்டபம் அதனை விரும்பி அணிகிறது.

மறுப்புரைகளும் விடைகளும்

நம் கருத்துக்கு எதிராகச் சொல்லத்தக்கவை சில உண்டு. அவற்றையும் எடைபோட வேண்டும்.

சொரசொரப்பான சுவரில் தூசி தங்கும் என்பர். உண்மை. சரக்குந்துகள் ஓயாத நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்களில் அது சிறிய குறையன்று. ஈரம் தேங்கும் நிழற்பக்கத்தில் பாசியும் படரும். டெக்ஸ்சரின் பள்ளக் கோடுகளிலும் இதே குறை உண்டு. அங்கே கழுவித்தான் தீர வேண்டும். காரையிலோ ஆண்டுக்கொருமுறை அடிக்கும் வெள்ளை தூசியை மூடுவதோடு, சுண்ணாம்பின் காரத்தன்மையால் பாசியையும் ஓரளவு தடுக்கிறது. மேலும், சொரசொரப்பு எல்லா இடத்திற்கும் ஏற்றதன்று. ஒளு செய்யும் இடத்திலும், பிள்ளைகள் உராய்ந்து செல்லும் குறுகிய நடையிலும் தோளுயரம் வரை தேய்த்த பூச்சே நல்லது. மழை நேரே அறையும் மேற்பகுதிக்கே எறிபூச்சு உரியது.

காரைக்கு ஆளும் இல்லை, காலமும் இல்லை என்பர். இது வலுவான மறுப்பு. சுண்ணாம்பு வேலையை அவசரப்படுத்த முடியாது. நீற்றை ஊறவைக்க வேண்டும். பூசியபின் ஈரச் சாக்கு கட்டிக் காக்க வேண்டும். கடும் வெயிலிலும் கொட்டும் மழையிலும் பூசக்கூடாது. கொத்தனாரின் நாட்கூலி கூடும். ஆயினும் செலவைக் கணக்கிடும்போது முதலாண்டை மட்டும் எண்ணுவது பிழை. மேற்குச் சுவரின் சிமெண்ட்டை மீண்டும் கொத்தி எடுக்கும் செலவு அன்றைய மதிப்பீட்டில் இடம்பெறவில்லை. வக்ஃப் பொருள் அமானத்தாக நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரே சுவருக்கு இருமுறை செலவிட நேர்வதை வீண்விரயம் என்றே கொள்ள வேண்டும்.

பூச்சே வேண்டாம் என்ற கருத்தும் உண்டு. கேரளத்தில் பணியாற்றி 2007 இல் மறைந்த லாரி பேக்கர், நல்ல செங்கல் சுவருக்குப் பூச்சு தேவையற்ற செலவு என்று வாழ்நாள் முழுவதும் வாதிட்டார். நன்கு சுட்ட செங்கல்லுக்கும் அகன்ற கூரைக்கும் அது பொருந்தும். மண்சாந்துச் சுவரை மழைக்குத் திறந்து வைக்க இயலாது.

நம் தரப்பிலும் ஒரு திருத்தம் வேண்டும். பள்ளியின் ஓதத்திற்குப் பூச்சு மட்டுமே காரணம் என்று சொன்னால் அது மிகையாகும். முன்னுள்ள தெரு மீண்டும் மீண்டும் தார் போடப்பட்டு உயர்ந்துவிட்டது. சுவரைச் சுற்றிச் சிமெண்ட் தளம் போட்டதால் மழைநீர் மண்ணில் ஊறாமல் சுவரடியிலேயே நிற்கிறது. ஹவ்ளின் கழிவுநீர்க் குழாயும் அந்தப் பக்கமே செல்கிறது. பழைய சுவர் இவற்றைச் சில காலம் தாங்கியது. தன் ஈரத்தை வெளியேற்றும் வழியும் அடைபட்டபின் தாங்க முடியவில்லை.

செய்யத்தக்கவை

எனவே ஜமாஅத்தின் முன் நாம் வைத்த கருத்து இது. வடக்கு, கிழக்குச் சுவர்களில் சிமெண்ட்டும் டெக்ஸ்சரும் வேண்டா. உறுதியாக நிற்கும் பழங்காரையைக் கொத்தாமல் விட்டு, உதிர்ந்த இடங்களில் மட்டும் சுண்ணாம்பும் பருமணலும் கலந்த சாந்தால் ஒட்டுப் போடலாம். மழை அறையும் மேற்பகுதியில் அதே சாந்தை எறிபூச்சாக இடலாம். எம்-சாண்ட் பயன்படுத்துவதாயின், அதன் கல்தூளைச் சலித்து நீக்கிவிட்டுச் சேர்க்க வேண்டும். நோன்புக்கு முன் வெள்ளையடிக்கும் பழைய வழக்கத்தை மீட்க வேண்டும். அது சுவரை ஆண்டுக்கொருமுறை கண்கொண்டு பார்க்கும் வழக்கமும் ஆகும்.

மேற்கு, தெற்குச் சுவர்களில் முதல் வேலை பூசுவதன்று, நீரை விலக்குவது. சுவரடித் தளத்தை இரண்டடி அகலத்திற்குப் பெயர்த்துச் சல்லி நிரப்ப வேண்டும். கழிவுநீர்க் குழாயை மாற்ற வேண்டும். பின் அடிப்பகுதிச் சிமெண்ட்டை இடுப்புக்கு மேல் ஒரு முழம் வரை மெதுவாக நீக்கி, ஒரு கோடை முழுவதும் சுவரை உலரவிட வேண்டும். அதன்பின்னரே காரை. அந்த ஓராண்டு பள்ளியின் முகம் அலங்கோலமாக இருக்கும். அதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வதே நம் வேண்டுகோளின் கடினமான பகுதி.

எல்லோருக்கும் இது ஏற்புடையதாக இல்லை. பக்கத்து ஊர்ப் பள்ளி பளபளப்பாக இருக்கையில் நம் பள்ளி மட்டும் ஏன் இப்படி என்ற கேள்வி எழுந்தது. அதற்கு வாதத்தைவிடச் சோதனையே நல்ல விடை என்று கருதி, ஒரு வழி கூறினோம். வடக்குச் சுவரில் ஒரு கெஜச் சதுரத்தில் சுண்ணாம்பு எறிபூச்சும், அதன் அருகே அதே அளவில் சிமெண்ட்டும் டெக்ஸ்சரும் இட்டு, ஒரு மழைக்காலம் விட்டுவைப்பது. இந்த வட்டாரத்தில் ஆவணி முதல் ஐப்பசி வரை பெய்யும் மழை அதற்குப் போதும். மழைக்குப்பின், தானியக் குவியலில் செய்தது போல, உட்புறச் சுவரில் கையை வைத்துப் பார்க்கலாம். முத்தவல்லி இதனை ஏற்றார். சாந்து கலக்க, ஊரின் முதிய கொத்தனார் ஒருவர் இசைந்திருக்கிறார். அவரோடு இரண்டு இளைஞர்கள் வேலை பழகுவதாகவும் ஏற்பாடு. கூட்டத்தில் நம்மோடு மாறுபட்ட அந்த இளைஞர் அவ்விருவருள் ஒருவர்.